ஐந்து முறை உட்கார்ந்து எழ

கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்
12 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய மாரக்காள் அம்மா அவர்களுக்கு,

போன மாதம் எருமப்பட்டிப் பக்கம் உங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடந்த முகாமுக்கு வந்ததற்கு நன்றி. நான் சேலத்தில் இயன்முறை மருத்துவத்தில் ஆய்வு செய்யும் மாணவி. அன்று கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் குறித்தவள் நான்தான். வயது ஏறும்போது தசை குறைவது எல்லோருக்கும் நடப்பது. எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அதை அளக்கிறோம். முடிவை அளந்துகொண்டவருக்கு மட்டுமே, அவர் பெயரிட்டுத் தபாலில் அனுப்புவது எங்கள் விதி.

உங்கள் கைப்பிடி வலு இருபத்தைந்து கிலோ. பெண்களுக்குப் பதினெட்டுக்குக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியில் ஐந்து முறை உட்கார்ந்து எழ நீங்கள் எடுத்துக்கொண்டது 9.4 வினாடி. பன்னிரண்டுக்குள் இருந்தால் நல்லது. கெண்டைக்கால் சுற்றளவு எடுக்க நீங்கள் சம்மதிக்கவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

இப்போதைக்குத் தசை இழப்பின் அறிகுறி இல்லை. உங்கள் வயதில் இது நல்ல முடிவு.

இப்படிக்கு,
பிரவீனா


எருமப்பட்டி
3 மார்ச் 2025

பிரவீனா அம்மிணிக்கு மாரக்காள் எழுதுவது. நானும் மூன்று மாடும் ஒரு கன்றும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் பார்த்த வேலை உனக்குத் தெரியாது. என் மகன் ஜெகதீஸ்வரன் ஹைதராபாத்தில் இருக்கிறான். போர் போடுகிற ரிக் வண்டி இரண்டு ஓட்டுகிறான். அவன் அப்பா போய் ஆறு வருடம். அன்றிலிருந்து தோட்டத்தில் தனியாக இருக்க வேண்டாம், கிளம்பி வா என்கிறான். அவன் இருப்பது நாலாவது மாடி. மாட்டை எங்கே கட்டுவது என்று கேட்டால் சிரிக்கிறான். போன மாதம் பக்கத்துத் தோட்டத்து ஆராயி தண்ணீர்த் தொட்டியோரம் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அந்தச் சேதி அவனுக்குப் போய், எனக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"ஏனுங்ம்மா, ஆராயிப் பெரியம்மாளுக்கு ஆனது உங்களுக்கு ஆச்சுன்னா ஆருங்க பாக்கறது?"

"எனக்கு ஏஞ் சாமி ஆகுது? இந்தா, படி" என்று உன் கடிதத்தைக் கொடுத்தேன்.

இரண்டு தடவை படித்தான். "இருபத்தஞ்சு கிலோவுங்களா?"

"உன்ற பொண்டாட்டியப் புடிச்சுக் காட்டச் சொல்லு, பாக்கலாம்."

சிரித்துவிட்டான். போனில் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினான். ஒரு டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுத் தனியாகத்தான் போனான். நான் நாமக்கல் போன அன்று அந்தக் கடிதத்தை லேமினேசன் செய்து, காஸ் கம்பெனி காலண்டர் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

பதில் எழுதினால் கடிதமாகவே எழுது. எனக்குக் காது மந்தம். போனை ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். ஸ்பீக்கரில் போட்டால் பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்கும்.

உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

மாரக்காள்


கொண்டப்பநாயக்கன்பட்டி
21 ஏப்ரல் 2025

மாரக்காள் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அதனால் நேராகவே சொல்கிறேன். பிப்ரவரியில் நான் அனுப்பிய முடிவு தவறு.

அளக்கும் முறை சரிதானா என்று பின்னால் சரிபார்ப்பதற்காக முகாமில் எல்லோரையும் வீடியோ எடுத்தோம். நீங்கள் கையெழுத்திட்ட தாளில் அது இருந்தது. போன வாரம்தான் உங்களுடையதைப் பார்த்தேன். நீங்கள் ஐந்து முறையும் நாற்காலியின் நுனியைத் தொட்டுவிட்டு எழுந்திருக்கிறீர்கள். முழுதாக ஒரு முறைகூட உட்காரவில்லை. உட்கார்ந்து எடையை இறக்கி, அங்கிருந்து எழுந்தால்தான் தொடையின் வலு தெரியும். பாதி வழியிலேயே திரும்பினால் யாருக்கும் நேரம் குறையும்.

நான் உங்களுக்கு இரண்டடி தள்ளி நின்றேன். ஆனால் பார்த்தது கடிகாரத்தை. 9.4 என்று வந்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மகிழ்ச்சி தருகிற எண்ணை இன்னொரு முறை சரிபார்க்க எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கைப்பிடி எண் உண்மையானது. ஆனால் தினமும் இரண்டு வேளை பால் கறப்பவரின் கை, அவருடைய காலைப் பற்றி எதுவும் சொல்லாது. இதையும் அன்றே யோசித்திருக்க வேண்டும்.

உங்கள் கால் பலவீனமாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறேன். மறுபடி அளக்கும்வரை அந்தக் கடிதத்தை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். முடிந்தால் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பிரவீனா


எருமப்பட்டி
2 மே 2025

பிரவீனாவுக்கு,

அந்த வீடியோவில் எனக்கு இடது கைப்பக்கம் வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் தேங்காய்ப்பூத் துண்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, பார்த்தாயா? அது எங்கள் வீட்டுக்காரரின் அண்ணன், செங்கோட்டையக் கவுண்டர். எனக்கு மூத்தார். கல்யாணமாகி வந்து நாற்பத்தொன்பது வருடம் ஆகிறது. இன்றுவரை அவர் முன்னால் நான் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. எங்களில் யாரும் உட்கார மாட்டோம். நீ ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் பார்க்க நடுக்கூடத்தில் நாற்காலியைப் போட்டாய். மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டாய். மாட்டேன் என்று சொன்னால் படித்த பெண்ணுக்கு மரியாதை குறைவு. உட்கார்ந்தால் அவருக்கு மரியாதை குறைவு. இரண்டு பேருக்கும் பொதுவாக நான் ஒன்று செய்தேன். அதை நீ இப்போது தப்பு என்கிறாய்.

நாற்காலி போட்ட இடம் உன் தப்பு. அதற்கு நான் ஏன் ஹைதராபாத் போக வேண்டும்?

சுவரிலிருந்து எடுக்க மாட்டேன். உன் கையெழுத்து இருக்கிறது, கல்லூரி முத்திரை இருக்கிறது. இந்த இரண்டாவது கடிதத்தை யாரும் பார்க்கவில்லை. நீயும் என் மகனுக்கு எழுதாதே. அவன் நம்பர் உங்கள் தாளில் இருக்கும், அவசரத்துக்கு என்று அன்றைக்குக் கேட்டு வாங்கினீர்கள். இது அவசரம் இல்லை.

கல்யாணம் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லை. சரி.

மாரக்காள்


கொண்டப்பநாயக்கன்பட்டி
12 மே 2025

மாரக்காள் அம்மாவுக்கு,

உங்கள் மகனுக்கு எழுத மாட்டேன். முடிவு உங்களுடையது. உங்களைத் தவிர வேறு யாரிடமும் அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை.

நாற்காலி போட்ட இடம் என் தவறு. உங்கள் கடிதம் வந்த பிறகு எல்லா வீடியோவையும் மறுபடி பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் முப்பத்தேழு பெண்கள் உங்களைப் போலவே நுனியைத் தொட்டு எழுந்திருக்கிறார்கள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை, சமுதாயக் கூடத்தில், ஆண்கள் உட்கார்ந்திருந்த முகாம்கள். எடப்பாடியில் தறிக்கூடம் ஒன்றில் பெண்களுக்கு மட்டும் நடத்தினோம். அங்கே அப்படி எழுந்தவர் ஒருவர்கூட இல்லை. எடப்பாடிப் பெண்களைவிட உங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கால் வலு அதிகம் என்று நான் கட்டுரையில் ஒரு பத்தி எழுதி, அதற்கு விவசாய வேலை காரணம் என்று விளக்கமும் கொடுத்திருந்தேன். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

முப்பத்தேழு பேரையும் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்றார் என் வழிகாட்டி. நீக்கினால் என் ஆய்வு சரியாகிவிடும். முப்பத்தேழு வீட்டில் என் தவறான கடிதம் அப்படியே இருக்கும். அதனால் எல்லோருடைய வீட்டுக்கும் போய்த் திரும்ப அளக்கப் போகிறேன். பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும்.

நீங்கள் சம்மதித்தால் ஜூன் 8 காலையில் வருகிறேன். நாற்காலியை நீங்கள் சொல்லும் இடத்தில் போடலாம். வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள், வரமாட்டேன்.

பிரவீனா


எருமப்பட்டி
12 ஜூன் 2025

பிரவீனா அம்மிணிக்கு,

நீ போன பிறகு இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். மூன்றாவது நாள் பால் கறக்கும்போது கோபம் போய்விட்டது. பயம் வந்துவிட்டது.

பதினாறு புள்ளி எட்டு. நீ அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் தாளைத் திருப்பிக் காட்டியது நல்லது. தோட்டத்து வேலைக்கு வருகிற ஜோதி வாசலில் களத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்தால் பஸ் ஸ்டாப்புக்குத் தெரியும். நாலாவது தடவை எழும்போது என் கால் நடுங்கியதை நீ பார்த்தாய். பார்க்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாய். கெண்டைக்காலையும் அளக்க விட்டேன். முப்பத்தொன்றரை. அதுவும் குறைவுதான் என்றாய்.

அன்று நேரில் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். ஒரு வருடமாகக் கறந்து முடித்ததும் செவலை மாட்டின் இடுப்பெலும்பைப் பிடித்துத்தான் எழுகிறேன். அது பழகிக்கொண்டது. நான் எழுந்து நிற்கும்வரை வாலைக்கூட ஆட்டாது. மற்ற இரண்டும் அப்படி இல்லை. அவற்றைக் கறக்கும்போது பக்கத்தில் கம்பி நட்டு வைத்திருக்கிறேன். மகன் கேட்டால் கன்று கட்ட என்பேன். முகாமில் உன் கூட வந்த பெண் "கட்டிலில் இருந்து எழச் சிரமமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. யாராவது உடம்பைப் பற்றிக் கேட்டால் நல்லா இருக்கிறேன் என்று சொல்லித்தான் வாய்க்குப் பழக்கம்.

பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்தால் தசை ஓரளவு திரும்பும் என்று நீதானே சொன்னாய். எனக்கு அந்தப் பன்னிரண்டு வாரம் வேண்டும். அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம். நீ எழுதிக் கொடுத்ததை எல்லாம் செய்கிறேன். முட்டை மட்டும் சொல்லாதே. சுற்றிலும் கோழிப்பண்ணை. அந்த வாசத்தில் முப்பது வருடம் இருந்தவளுக்கு முட்டை இறங்காது.

மாரக்காள்


கொண்டப்பநாயக்கன்பட்டி
20 ஜூன் 2025

மாரக்காள் அம்மாவுக்கு,

பதில் எழுத ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். சட்டப்படி நான் யோசிக்க எதுவுமில்லை. நீங்கள் சொல்லச் சொன்னால் ஒழிய நான் யாரிடமும் சொல்லக்கூடாது. ஆனால் இந்தப் பன்னிரண்டு வாரத்துக்குள் நீங்கள் விழுந்தால், தெரிந்தும் பேசாமல் இருந்தவள் நான். விதி என்னைக் காப்பாற்றும். அது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

ஆகவே நானும் ஒன்று கேட்கிறேன். செப்டம்பர் 7 அன்று மறுபடி அளப்போம். எண் எதுவாக இருந்தாலும் அதை உங்கள் மகனிடம் நீங்களே சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்னீர்களா என்று விசாரிக்கவும் மாட்டேன்.

பயிற்சி முன்பு சொன்னதுதான். கட்டிலில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல், காலையில் பத்து முறை, மாலையில் பத்து. முழுதாக உட்கார வேண்டும். இரண்டு வாரத்துக்குப் பிறகு மடியில் ஒரு சிறிய தவிட்டு மூட்டை. சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி நிற்பது பதினைந்து. முட்டை வேண்டாம், ஒவ்வொரு வேளையும் கொள்ளோ பச்சைப்பயறோ தயிரோ கட்டாயம் இருக்க வேண்டும். விற்பதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு டம்ளர் பால்.

தண்ணீர்த் தொட்டியோரம் பாசியைச் சுரண்டச் சொல்லுங்கள்.

பிரவீனா


கொண்டப்பநாயக்கன்பட்டி
25 ஜூலை 2025

மாரக்காள் அம்மாவுக்கு,

உங்களுக்குத் தெரியாமல் வைத்திருக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். நேற்று உங்கள் மகன் கல்லூரி எண்ணுக்கு அழைத்து என்னைக் கூப்பிடச் சொல்லிப் பேசினார். யாரோ ஒரு பெண் தோட்டத்துக்கு வந்து நாற்காலியோடு ஏதோ செய்துவிட்டுப் போனதாக ஊரிலிருந்து சேதி போயிருக்கிறது.

"எங்கம்மா தனியா இருக்கலாமுங்களா, இருக்கக் கூடாதுங்களா? ஒரே வார்த்தைங்க" என்றார்.

"அத அவங்ககிட்டயே கேளுங்க சார்."

"கேட்டா லேமினேசன் பண்ணுன லெட்டரக் காட்டறாங்க."

நான் எதுவும் சொல்லவில்லை. பின்னால் ரிக் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க பேசாம இருக்கறதே ஒரு பதில் மாதிரித்தான் இருக்குதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிரவீனா


எருமப்பட்டி
6 ஆகஸ்ட் 2025

பிரவீனா அம்மிணிக்கு,

ஆடிப் பதினெட்டுக்கு வந்துவிட்டு நேற்றுத்தான் போனான். மூன்று நாள் என் பின்னாலேயே சுற்றினான். தொழுவத்துக்குப் போனால் தொழுவத்துக்கு வருகிறான். நான் எழும்போது தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கிறான்.

"என்னடா, திருடனப் பாக்கற மாதிரிப் பாக்கற?"

"சும்மாதானுங்ம்மா."

"சும்மா இருக்கறவன் சாணியள்ளு."

அள்ளினான். சட்டையெல்லாம் சாணி. அப்போதே சொல்லிவிடலாமா என்று இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறதே, எண் இறங்கினால் சொல்வது சுலபம் என்று விட்டுவிட்டேன்.

தவிட்டு மூட்டையோடு பத்துப் பத்தாக எழுகிறேன். முதல் மூன்று வாரம் தொடை எரிந்தது. இப்போது செவலையைத் தொடாமல் வாரத்தில் நாலு நாள் எழுந்துவிடுகிறேன். நான் பிடிக்காமல் எழுந்தால் அது திரும்பிப் பார்க்கிறது.

சேதி சொன்னது ஜோதிதான். கேட்டேன், அழுதாள். நீங்க உழுந்துருவீங்கன்னு பயமா இருக்குதுங்க என்றாள். அதற்கு மேல் என்ன திட்டுவது.

மாரக்காள்


கொண்டப்பநாயக்கன்பட்டி
10 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய மாரக்காள் அம்மா அவர்களுக்கு,

நேரில் சொன்னதை விதிப்படி எழுத்திலும் தருகிறேன்.

செப்டம்பர் 7. கைப்பிடி வலு இருபத்தாறு கிலோ. ஐந்து முறை முழுதாக உட்கார்ந்து எழ 13.6 வினாடி. கெண்டைக்கால் சுற்றளவு முப்பத்திரண்டு. ஜூனில் இருந்ததைவிடத் தெளிவான முன்னேற்றம். ஆனால் இன்னும் எல்லைக்கு வெளியே. தசை இழப்புக்கான வாய்ப்பு இருக்கிறது. பயிற்சி தொடர வேண்டும். தனியாக இருக்கும் நேரத்தைக் குறைப்பது நல்லது.

விதிப்படி எழுத வேண்டியது இவ்வளவுதான். முப்பத்தேழு பேரில் இதுவரை முப்பத்தொரு பேரைப் பார்த்துவிட்டேன். பத்தொன்பது பேருக்கு முதல் கடிதம் தவறு. எல்லோருக்கும் புதிய கடிதம் அனுப்பியிருக்கிறேன். இரண்டு பேர் வாங்காமல் திருப்பிவிட்டார்கள்.

பதிமூன்று புள்ளி ஆறைப் பார்த்ததும் நீங்கள் எழுந்து போய் எனக்கு மோர் கொண்டுவந்தீர்கள். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். நான் சொல்லும் ஆறுதலை நீங்கள் மாட்டி வைத்துவிடுவீர்கள் என்று சும்மா இருந்துவிட்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மார்ச் மாதமே கேட்டிருந்தீர்கள்.

பிரவீனா


எருமப்பட்டி
6 நவம்பர் 2025

பிரவீனா அம்மிணிக்கு,

நீ விசாரிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். விசாரிக்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

தீபாவளிக்கு மகன் வந்தான். மருமகளும் குழந்தைகளும் அவள் அம்மா ஊட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கென்று சக்கரம் வைத்த பெட்டி ஒன்று, புதிது, வாங்கி வந்திருந்தான். கேட்டுவிட்டு வாங்குவது இல்லை. சாப்பாடு முடிந்ததும் நீ எழுதின ஆறு கடிதத்தையும் தேதிப்படி அவன் முன்னால் வைத்தேன். படித்து முடிக்கிறவரை நான் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப பிப்ரவரியிலிருந்து எங்கிட்டப் பொய் சொல்லிட்டு இருந்தீங்களா?"

"பிப்ரவரில எனக்கே தெரியாது. ஏப்ரல்ல இருந்து."

"உழுந்திருந்தீங்கன்னா?"

"உழுகல."

"உழுந்திருந்தீங்கன்னா என்னுங்ம்மா பண்ணியிருப்பேன் நான்? எண்ணூறு கிலோமீட்டருங்க."

அதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

பிறகு நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். மோட்டார் ரூம் பக்கத்து ஊட்டில் ஜோதியும் அவள் புருஷனும் குடிவருவார்கள். மாடு இரண்டைக் கொடுத்துவிடுவது. தொழுவத்திலும் குளிக்கிற இடத்திலும் பிடிமானத்துக்குப் பைப் அடிப்பது. நீ அளந்து அனுப்புகிற கடிதம் எனக்கு வந்த மறுநாள் அவனுக்கும் படித்துச் சொல்வது. பதினேழு வினாடிக்கு மேலே போனால் நானே கிளம்பிவிடுகிறேன் என்றேன். அந்தப் பதினேழு நானாகச் சொன்னது. சரியா தப்பா என்று நீ சொல்.

அவன் கடிதங்களை அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டுப் படுக்கப் போனான். மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டான். பெட்டியை விட்டுவிட்டுப் போயிருந்தான். பத்து நாள் வைத்துப் பார்த்தேன். பிறகு அதில் கொள்ளைக் கொட்டி வைத்தேன். எலி போக வழியில்லை.

ஒன்பது நாள் போன் இல்லை. பத்தாவது நாள் சாயந்திரம் வந்தது. வழக்கமாகச் சாப்பிட்டீங்களா என்றுதான் ஆரம்பிப்பான். அன்று, "இன்னைக்கு எத்தனை தடவ எந்திருச்சீங்க?" என்றான்.

"இருபத்தஞ்சு."

"சரிங்க" என்று வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்கு அதை மட்டும் கேட்கிறான். ஸ்பீக்கரில்தான். ஜோதி, அவள் புருஷன், பக்கத்துத் தோட்டம் எல்லாருக்கும் என் எண்ணிக்கை தெரியும். சில நாள் இருபதுதான் எழுந்திருப்பேன். அவனிடம் இருபத்தைந்து என்றுதான் சொல்வேன். அதை உன் தாளில் எழுதிக்கொள்ளாதே.

மாரக்காள்